பழுப்பு இரத்தம்: வலிகாமத்தில் மூன்று பசுக்கள் இறந்த ஒரு நிகழ்வு

ஐப்பசி மழை தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். கடைசி மூன்று நாளும் ஒரே மூட்டம். பின்னேரம் நாலரை மணிக்கு, ஆய்வுகூடத்தைப் பூட்டிக்கொண்டு புறப்படுகிற நேரத்தில் தொலைபேசி அடித்தது. வலிகாமம் பக்கத்துக் கால்நடை வைத்திய அலுவலகமொன்றின் இளம் வைத்தியர் பேசினார். ஒரே கொட்டிலில் இரண்டு பசுக்கள் இறந்துவிட்டன, மூன்றாவது விழுந்து கிடந்து மூச்சுக்குத் திணறுகிறது, நான்காவது தள்ளாடுகிறது. மத்தியானம் வரை அசைபோட்டுக்கொண்டு நின்ற மாடுகள். இறந்தவற்றின் வாயில் நுரை. பக்கத்துத் தோட்டக்காரர் முதல் நாள் வெங்காய நாற்றுக்குப் பூச்சிமருந்து அடித்திருக்கிறார். இரண்டு வீட்டுக்கும் இடையிலான எல்லை வேலிப் பிரச்சினை மத்தியஸ்த சபையில் கிடக்கிறது.

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டு, "என்னவாக இருக்கும் டொக்டர்?" என்று கேட்டார்.

"பூச்சிமருந்து மாதிரித்தான் தெரிகிறது" என்றேன்.

இந்த நிகழ்வு முழுவதிலும் நான் செய்த பெரிய பிழை அந்த ஒரு வாக்கியம். அவருடைய கைபேசி ஒலிபெருக்கியில் இருந்தது. மாட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டே பேசுகிறவர் வேறென்ன செய்வார்? கொட்டிலைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் நின்றிருக்கிறார்கள். நான் தொலைபேசியை வைத்து முக்கால் மணி நேரத்துக்குள், "ஆய்வுகூடமே சொல்லிவிட்டது" என்ற சொல்லோடு மாட்டுக்காரர் பொலிஸ் நிலையத்தில் நின்றார். ஒரு மாதிரிகூட எங்கள் வாசலுக்கு வந்து சேரவில்லை.

கத்திக்கு முன்னால் காது

நான் பொறுப்பாக இருக்கும் ஆய்வுகூடம் சிறியது. நுணுக்குக்காட்டி, கிருமி வளர்க்கும் அடைகலன், குருதிச் சோதனைக்குரிய சில கருவிகள், இரண்டு உறைகுளிர்ப் பெட்டிகள், பின்னால் ஒரு சடலப் பரிசோதனைக் கூடம். இதற்கு மேல் வேண்டுமானால் மாதிரியைப் பொதி செய்து பேராதனைக்கு, கன்னொறுவையில் உள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். கண்டி வீதியின் முழு நீளம் 321 கிலோமீற்றர். மாதிரி அதில் பெரும்பகுதியைக் கடக்க வேண்டும். பனிக்கட்டி வவுனியா தாண்டுமா என்பதே பல நாட்களில் எங்கள் முதல் கேள்வி.

திடீர்ச் சாவுக்கு எங்களிடம் உள்ள ஒழுங்கு பழையது. சடலத்தில் கத்தி வைக்கும் முன் காது நரம்பைக் கீறி ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தட்டில் பூசிப் பார்க்க வேண்டும். அடைப்பான் என்கிற அந்திராக்ஸ் இல்லை என்று தெரியும்வரை எவரும் வயிற்றைத் திறக்கக் கூடாது. அந்தக் கிருமி மூடிய சடலத்துக்குள் இருக்கும்வரை வித்தாக மாறாது. வெட்டிக் காற்றுப் படவிட்டால் வித்தாகி, அந்த மண்ணில் பல பத்தாண்டுகள் படுத்திருக்கும். வெட்டியவருக்கும் ஆபத்து. பூச்சிமருந்து என்று வாய் தவறிச் சொன்ன கையோடு இதையாவது நான் மறக்காமல் சொன்னேன்: "காது இரத்தம் எடுங்கள். கிடக்கிற மாட்டில் உறையாத குழாயிலும் கொஞ்சம் எடுங்கள். வேறொன்றும் வெட்டாதீர்கள்."

அந்தப் பூச்சுக்கு இடும் சாயம் மெதிலீன் நீலம். எங்கள் மூத்த தொழில்நுட்பவியலாளர் அதைத் தயார்நிலையில் வாங்குவதில்லை. தூளைக் காரம் சேர்த்துக் கரைத்து, முழுக்க நிரப்பாத போத்தலில் ஊற்றி, நினைத்தபோதெல்லாம் குலுக்கி மாதக்கணக்கில் பழுக்க வைப்பார். காற்றுப் பட்டுப் பட்டு நீலத்தில் ஊதா கலந்து வரவேண்டும். அப்போதுதான் நீலக் கோலுயிரியைச் சுற்றியிருக்கும் உறை இளஞ்சிவப்பாகத் தெரியும். அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் அடைப்பான் என்று சொல்வது. 2006 ஓகஸ்டில் கண்டி வீதியான ஏ-9 பாதை மூடப்பட்ட காலத்தில் வந்த பழக்கம் இது. தெற்கிலிருந்து எதுவும் வராது என்று எண்ணியே அவர் இன்றும் எல்லாவற்றையும் செய்து வைக்கிறார். போத்தலில் நாளெழுதி, ஊறுகாய்ப் பானையைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

கிராமத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் மாதிரி வந்து சேர ஆறு மணி. பூச்சில் கிருமி எதுவும் இல்லை. இரண்டாவது தட்டிலும் இல்லை. அடைப்பான் கைவிடப்பட்டது.

ஆனால் பூசியது போக மிஞ்சிய ஒரு துளி, தட்டின் ஓரத்தில் தடித்து நின்றது. தொழில்நுட்பவியலாளர் அதை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இது நேற்று எடுத்த இரத்தமா டொக்டர்?"

எடுத்து ஒரு மணி நேரமும் ஆகவில்லை. துளி பால் விடாத கோப்பியின் நிறத்தில் இருந்தது.

அன்று காலை கருச்சிதைவு நோய்ச் சோதனைக்காக வந்த வேறொரு பசுவின் இரத்தம் குளிர்ப்பெட்டியில் இருந்தது. வெள்ளை வடிதாள் ஒன்றை எடுத்து, அதில் ஒரு துளியும் விழுந்து கிடந்த மூன்றாவது பசுவின் குழாயிலிருந்து ஒரு துளியும் பக்கம் பக்கமாக வைத்தோம். நாள இரத்தம் எப்போதும் கருமை கலந்ததுதான்; காற்றுப் பட்டால் சிவக்கும். முதல் துளி எங்கள் கண் முன்னாலேயே சிவந்தது. மற்றது சிவக்கவில்லை. தாளைத் தூக்கி விசிறினோம். அப்போதும் சொக்கலேற் நிறம் மாறாமல் நின்றது.

இதற்குள் மூன்றாவது பசுவும் இறந்துவிட்ட செய்தி வந்தது.

சாகாதவை எவை?

பழுப்பு இரத்தம் என்றால் எண்ணங்கள் சுருங்கும். மரவள்ளி இலையாலோ இளஞ்சோளத்தாலோ ஐதரோசயனிக் அமிலம் ஏறிய மாட்டின் இரத்தம் நேர்மாறாகச் செக்கச் செவேலென்று இருக்கும். ஒட்சிசன் இரத்தத்தில் இருக்கும், கலங்களால் எடுக்க முடியாது. பழுப்பு வேறு கதை. தீனியில் நைத்திரேற்று மிகுந்திருந்தால் மாட்டின் முதலிரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் அதை நைத்திரைற்றாக மாற்றும். வழமையாக அது அங்கிருந்து அமோனியாவாகிப் புரதத்துக்குள் போய்விடும். வரவு மிஞ்சினால் நைத்திரைற்று தேங்கி இரத்தத்தில் கலந்து, ஈமோகுளோபினில் உள்ள இரும்பின் தன்மையைக் கெடுத்து மெதமோகுளோபினாக்கிவிடும். அது ஒட்சிசனை ஏந்தாது. நூற்றில் முப்பது நாற்பது பங்கு அப்படி மாறும்போது மாடு திணறத் தொடங்கும். எண்பதை நெருங்கினால் சாவு. எல்லாம் சில மணி நேரத்துக்குள். காற்று மூக்கு நிறைய இருக்கும். மாடு மூச்சடைத்துச் சாகும்.

ஆனால் நிறம் ஒரு சாட்சிதான், தீர்ப்பாகாது. வைத்தியரைத் திரும்ப அழைத்தேன். முதலில் ஒலிபெருக்கியை அணைக்கச் சொன்னேன். பிறகு, நாலரை மணிக்கே கேட்டிருக்க வேண்டிய கேள்விகளைக் கேட்டேன். இறந்தவற்றைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள்; சாகாதவற்றைப் பற்றிக் கேட்டால்தான் சொல்வார்கள்.

அதே கொட்டிலில் பிறந்து இரண்டு கிழமையான கன்று ஒன்று துள்ளிக்கொண்டு நிற்கிறது. தாய்ப் பால் மட்டும் குடிக்கிற கன்று. அசைபோடும் இரைப்பை அதற்கு இன்னும் வேலை செய்யத் தொடங்கவில்லை. மூன்று ஆடுகள் கட்டியிருக்கின்றன, அவற்றுக்கும் ஒன்றுமில்லை. எங்கே கட்டியிருக்கின்றன? எல்லை வேலியோரத்தில். வேலியில் படர்ந்த குழையைத்தான் நாள் முழுவதும் தின்றிருக்கின்றன. பக்கத்துத் தோட்டத்து மருந்து காற்றில் வந்திருந்தால் முதலில் விழுந்திருக்க வேண்டியவை அந்த ஆடுகள்.

கண்மணி? விரிந்திருக்கிறது. பூச்சிமருந்தென்றால் ஊசிமுனைபோலச் சுருங்கியிருக்கும். கழிச்சல்? இல்லை. ஓயாமல் எச்சில் வடிகிறதா? இல்லை, மூச்சுத் திணறலில் வந்த நுரைதான். ஈறு? சற்று நேரம் பேச்சில்லை. "டொக்டர், மண் நிறமாக இருக்கிறது" என்றார்.

நுரை என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் போன தூரம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் பக்கத்துச் சமாதானம் ஒன்றைச் சொல்லலாம், ஏற்பதும் விடுவதும் வாசகர் விருப்பம். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் மாடும் ஆடும் கும்பலாகச் செத்தன. குளிர்தான் காரணம் என்று தெளிவாகும் முன் தொற்றுநோய் என்ற வதந்தி பரவியது, இறைச்சி கொண்டுசெல்லத் தடை வந்தது. அதன் பிறகு எங்கேயாவது இரண்டு மாடு சேர்ந்து விழுந்தால் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி "தொற்றா, தொற்றில்லையா?" என்பதே. தொற்றில்லாத ஒரு விடையைக் கண்டதும் அதைச் சொல்லிவிடுகிற அவசரம் எனக்குள்ளும் வந்திருந்தது.

நான்காவது பசு

தள்ளாடிய பசு இன்னும் நின்றுகொண்டிருந்தது. நைத்திரைற்றால் கெட்ட இரத்தத்துக்கு மாற்று மருந்து உண்டு. அதுவும் மெதிலீன் நீலம்தான். கிருமிக்குச் சாயமிடுகிற அதே பொருள், நரம்பில் ஏற்றினால் மெதமோகுளோபினைத் திரும்ப ஈமோகுளோபினாக்கும். கிலோ எடைக்கு 4 முதல் 15 மில்லிகிராம் வரை மாட்டுக்குக் கொடுப்பார்கள். வைத்தியரின் அலுவலகத்தில் அந்த மருந்து இல்லை. என்னிடமும் மருந்தாக இல்லை, சாயத்தூளாக இருந்தது.

ஆய்வுகூடப் பொறுப்பாளர் சிகிச்சைக்குப் பொருள் கொடுக்கலாமா? எழுதப்பட்ட விதிப்படி அது என் வேலையன்று. சாயத் தரத்துத் தூளில் வேறு உலோகக் கலப்பு இருக்கக்கூடும், ஊசிக்கென்று செய்யப்பட்டதல்ல. பால் கறக்கிற பசு. நாளைக்கு அது இறந்தால், "ஆய்வுகூடத்துக்காரர் சாயத்தை ஏற்றிக் கொன்றார்" என்றும் ஊரில் பேசப்படும். ஊருக்கு ஏற்கெனவே நான் ஒரு வாக்கியம் கொடுத்து வைத்திருக்கிறேன். மறுபக்கத்தில், பேசாமல் இருந்தால் மணி பத்துக்குள் நான்காவதும் போய்விடும்.

வைத்தியரிடம் எழுத்தில் ஒரு வேண்டுகோள் கேட்டேன். கைபேசியில் படமாக அனுப்பினார். உரிமையாளருக்கு விஷயத்தை விளங்கப்படுத்திக் கையொப்பம் வாங்கச் சொன்னேன். பழுக்க வைத்த போத்தலைத் தொடவில்லை, காற்றில் மாறிய அந்தச் சாயம் உள்ளே ஏற்ற உதவாது. புதிய தூளில் இரண்டரைக் கிராமுக்குச் சற்றுக் குறைய நிறுத்து, உப்புநீரில் ஒரு சதவீதக் கரைசலாக்கினோம். மாடு முந்நூறு கிலோ என்று கணக்கு வைத்து, கிலோவுக்கு எட்டு மில்லிகிராம்; 240 மில்லிலீற்றர். அதை 0.22 மைக்கிரோன் வடியால் சொட்டுச் சொட்டாக வடித்தோம். நான்கு வடிகள் அடைத்துப்போயின. தொழில்நுட்பவியலாளரின் விரல்கள் ஒரு கிழமைக்கு நீலமாக இருந்தன.

இரவு எட்டரைக்கு ஏற்றினார்கள். மாட்டைக் கலைக்காமல், நடக்கவிடாமல் வைத்திருக்கச் சொன்னேன். ஒட்சிசன் போதாத உடம்பு பதறக் கூடாது. பத்து மணிக்கு ஈறு சிவக்கத் தொடங்கியது என்று செய்தி வந்தது. விடியற்காலையில் பசு பச்சை கலந்த நீலமாகச் சிறுநீர் கழித்தது. இது நாங்கள் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டிய விஷயம். சொல்லவில்லை. பார்த்தவர்கள், "அடித்த மருந்து வெளியே வருகிறது" என்று முடிவுகட்டிப் படமும் எடுத்து, அதைப் பொலிஸுக்கும் காட்டிவிட்டார்கள்.

பசு பிழைத்தது. நாங்கள் குறித்த நாள்வரை பாலைக் கறந்து கொட்டிவிட வேண்டும் என்று சொன்னோம். பால் சங்கத்துக்குக் கொடுக்கவில்லை, கொட்டினார்கள் என்பதை வைத்தியர் நேரில் பார்த்து உறுதி செய்தார்.

ஆய்வுகூடத்துக் கிணறு

காலையில் சடலங்களைத் திறந்தோம். இரத்தம் எங்கும் பழுப்பு, தசையும் அந்த நிறம் ஏறியிருந்தது. முதலிரைப்பையைத் திறந்தபோது பூச்சிமருந்து நெடி எதுவும் அடிக்கவில்லை. பச்சை இலை பிசைந்ததுபோல் நிறைந்திருந்தது. அதற்குள் விரலைக் குத்துகிற முள் வைத்த தண்டுகள். முள்ளுக்கீரை.

இறந்தபின் இரத்தத்தை நம்ப முடியாது. மெதமோகுளோபின் சில மணியிலேயே மாறிவிடும். சோதிக்க வேண்டுமானால் எடுத்தவுடன் ஒரு பங்கு இரத்தத்துக்கு இருபது பங்கு தாங்கற் கரைசல் சேர்த்து உறைய வைக்க வேண்டும். நம்பக்கூடிய சாட்சி கண்ணுக்குள் இருக்கிறது. விழியின் முன்னறை நீர் மற்ற உறுப்புகள்போல் விரைவாக அழுகுவதில்லை. உயிரோடிருந்தபோது இரத்தத்தில் ஓடிய நைத்திரேற்று அதில் நின்றுவிடும், இரண்டு நாள் கழித்துக்கூட எடுக்கலாம். விழியின் விளிம்பில் சாய்வாக மெல்லிய ஊசியைச் செலுத்தி இழுத்தால் ஒரு மில்லிலீற்றருக்கு மேல் கிடைக்கும். தெளிந்த நீர்போல் இருக்கும். ஊசி வெளியே வரும்போது விழி மெல்ல அமுங்கும். எத்தனை வருடம் செய்தாலும் அந்த அமுங்கலை நான் பார்க்காமலிருக்கவே விரும்புகிறேன்.

சோதனை எளியது: செறிந்த சல்பூரிக்கமிலத்தில் கரைத்த டைபீனைலமீன். நைத்திரேற்று இருந்தால் கடும் நீலம். குழிகள் உள்ள வெள்ளைப் பீங்கான் தகட்டில் மூன்று பசுக்களின் கண்நீரும் மூன்று குழிகளில். இறைச்சிக்கடையில் வாங்கிய, நன்றாயிருந்த ஒரு மாட்டின் கண்நீர் நான்காவதில். வெறும் காய்ச்சி வடித்த நீர் ஐந்தாவதில். தெரிந்தே நைத்திரேற்று கரைத்த நீர் ஆறாவதில். ஒவ்வொன்றிலும் மருந்து விட்டோம்.

ஆறும் நீலமாயின.

வெறும் நீரும் நீலம் என்றால் சோதனை செத்தது என்று அர்த்தம். அமிலம் கெட்டதா, வடித்த நீர் கெட்டதா என்று ஒரு மணி நேரம் தேடினோம். கடைசியில், கூட்டித் துடைக்கிற அம்மா சாதாரணமாகச் சொன்னார்: "தகட்டை நான்தான் காலையில் குழாயில் கழுவி வைத்தேன்." குழாய்க்கு வருவது எங்கள் வளவுக் கிணற்று நீர். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்குகிற நீர், தோட்டத்துப் பசளையும் மலக்குழிக் கசிவும் இறங்கிச் சேர்கிற அதே நீர். குழியின் அடியில் காய்ந்துபோன அந்தத் துளியிலிருந்த நைத்திரேற்றே தகடு முழுவதையும் நீலமாக்கப் போதுமாயிருந்தது.

தகட்டை வடித்த நீரால் மூன்றுமுறை கழுவி, உலர்த்தி, திரும்பச் செய்தோம். வெறும் நீர் நிறமாறவில்லை. நல்ல மாட்டின் கண்நீரும் மாறவில்லை. மூன்று பசுக்களின் குழிகளும் மருந்து தொட்ட கணமே கறுப்பென்று சொல்லத்தக்க நீலத்துக்குப் போயின.

முதல் தகட்டோடு நான் நிறுத்தியிருந்தாலும் விடை சரியாகத்தான் இருந்திருக்கும். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் அச்சமாக இருக்கிறது. வெறும் நீர்க் குழியை வைக்காத ஓர் ஆய்வுகூடம் இந்தக் குடாநாட்டில் எந்த மாட்டையும் நைத்திரேற்றால் செத்ததாகக் காட்டிவிடலாம்.

பச்சையாக இருந்த கீரை

பிற்பகல் கிராமத்துக்குப் போனேன். பொறுப்பாளர் களத்துக்குப் போவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை; முதல் நாள் சொன்ன வாக்கியத்துக்காகவே போனேன் என்பதை ஒளிக்கவில்லை.

மாட்டுக்காரர் ஐம்பது கடந்தவர். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது கோழி எருவுக்கு மாறியவர். நவம்பரில் தடை விலகிய பிறகும் மாறவில்லை. எருவென்றால் கெடுதி இல்லை என்பது அவர் நம்பிக்கை. எருக்குவியல் கிணற்றடி வாய்க்காலோரம். வெயில் காலம் முழுவதும் காய்ந்து கிடந்த அந்த வரம்பில், மழை விழுந்ததும் முள்ளுக்கீரை தழைத்து எழுந்திருந்தது. நானே மாட்டுக்காரனாக இருந்தால் நானும் அறுத்திருப்பேன், அவ்வளவு குளுமையாக நின்றது.

கோழி எருவின் நைதரசனும் யூரியாவின் நைதரசனும் மண்ணில் நைத்திரேற்றாகித்தான் செடிக்குள் ஏறும். வறட்சியில் மண்ணில் சேர்ந்து கிடப்பதை மழை வந்ததும் செடி அள்ளிக் குடிக்கும். குடித்ததைப் புரதமாக்க வெயில் வேண்டும். மூன்று நாள் மூட்டத்தில் அது தண்டிலேயே தேங்கும். இலையைவிடத் தண்டில் மிகுதி, தண்டிலும் அடிப்பாகத்தில். ஒரு தண்டை நீளவாக்கில் பிளந்து அதே மருந்தைச் சொட்டினேன். உட்புறம் கறுத்த நீலமானது. வேலிக்கு அருகிலிருந்த, எருக் காணாத ஒரு முள்ளுக்கீரையைப் பிளந்தோம். அதில் மங்கல் நீலம்கூடச் சரியாக ஏறவில்லை. உலர்ந்த தீனியில் நைத்திரேற்று அரைச் சதவீதத்துக்குள் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. ஒரு சதவீதத்தைத் தாண்டினால் கொல்லும். அளந்து தரக்கூடிய ஓர் ஆய்வுகூடத்துக்குக் கட்டு அனுப்பினோம். ஒன்றைத் தாண்டியிருந்தது என்ற விடை வந்தபோது மூன்று கிழமை கடந்துவிட்டது.

கிணற்று நீரையும் பரிசோதித்தோம். குடிநீருக்கு உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். இந்தக் கிணறு அதைத் தாண்டியது. ஆனால் நீரால் மட்டும் மாடு சட்டென்று சாக ஆயிரத்து ஐந்நூறை எட்ட வேண்டும். கிணறு கொல்லவில்லை, கீரையோடு ஒரு கை கொடுத்தது. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் கதை வேறு, புட்டிப்பால் கரைக்க இந்த நீர் ஆகாது. குழந்தை இல்லை என்றார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவித்தேன்.

அறுத்தது மகன். பள்ளிக்கூடத்தால் வந்து, மழைக்குள் புல்லுக்கு அலையாமல் வரம்பிலேயே ஒரு சுமை வெட்டிப் போட்டிருக்கிறான். நான்கு பசுக்களில் பசி கூடியவை முதலில் தின்றன. நான்காவது மாடு போதிய பங்கு கிடைக்காமல் ஒதுங்கி நின்றது. அதனால்தான் தாக்குப் பிடித்தது. நான் இதைச் சொல்லி முடிக்கும்போது பையன் கொட்டிலின் கப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அப்படியென்றால் நாங்களே கொன்றுபோட்டோமா ஐயா?" என்றார் தகப்பன்.

"இருந்ததிலேயே நல்ல பச்சையைத்தான் போட்டிருக்கிறீர்கள்" என்றேன். வேறு விடை எனக்குத் தெரியவில்லை.

ஒரு சொல்

அறிக்கை எழுத உட்கார்ந்தபோது மேசையில் பொலிஸ் கடிதம் இருந்தது. கேள்வி ஒரே வரி: மேற்படி பசுக்களுக்கு நஞ்சூட்டப்பட்டுள்ளதா என அறியத் தரவும்.

பாடநூல்படி இது நைத்திரேற்று நஞ்சேற்றம். என் உதவி வைத்தியர் அப்படித்தான் வரைவில் எழுதியிருந்தார், அறிவியலில் அது பிழையில்லை. ஆனால் நஞ்சு என்ற சொல் நம் மொழியில் தனியாக வருவதில்லை. யார் வைத்தது என்ற கேள்வியைக் கையோடு கூட்டிக்கொண்டு வரும். நஞ்சேறியது என்று எழுதினால் ஊட்டியவரைத் தேடுவார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் அப்படித் தேடப்பட்ட ஒருவர் ஏற்கெனவே இரண்டு முறை வாக்குமூலம் கொடுத்துவிட்டார். அறிக்கை மொழிபெயர்ப்பாளரின் மேசைக்கும் போகும். அங்கே ஏற்றமும் ஊட்டலும் ஒரே சொல்லாகிவிட வாய்ப்புண்டு.

உதவி வைத்தியரோடு அரை மணி வாதம். மக்களுக்குப் பயந்து கலைச்சொல்லை விடுவது சரியில்லை என்றார். பயமும் இருந்தது, மறுக்கவில்லை. இறுதியில் பொலிஸுக்குப் போன பிரதியில் நஞ்சு என்ற சொல்லே இல்லை: "உணவாக உட்கொண்ட முள்ளுக்கீரையில் நைத்திரேற்று மிகுந்திருந்ததால் இரத்தம் ஒட்சிசன் ஏந்தும் திறனை இழந்து இறப்பு நேர்ந்துள்ளது." திணைக்களத்துக்குப் போன பிரதியில் கலைச்சொல்லும் இருந்தது. என்ன பார்த்தோம், என்ன பார்க்கவில்லை என்பதையும் எழுதினோம். பூச்சிமருந்துக்கான சோதனையை நாங்கள் செய்யவில்லை, மூளை மாதிரி உறைகுளிரில் இருக்கிறது, வேண்டுமானால் அனுப்பலாம். கண்ட அறிகுறிகள் எதுவும் அதைக் காட்டவில்லை. அறுத்தது யார் என்று எழுதவில்லை. அது எங்களிடம் கேட்கப்படவில்லை.

முறைப்பாடு பின்வாங்கப்பட்டது. இரண்டு நாள் கழித்து அந்தப் பக்கத்துத் தோட்டக்காரர் ஆய்வுகூடத்துக்கு வந்தார். அறிக்கைப் பிரதி கேட்டார். கேட்டவருக்குத்தான் கொடுக்க முடியும், பொலிஸில் கேளுங்கள் என்று எழுதுவினைஞர் சொல்லியனுப்பப் பார்த்தார். நான் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். தொலைபேசியில் நான் சொன்னது பிழை என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அதை எழுதித் தருவீர்களா?" என்று கேட்டார்.

அலுவலகத் தலைப்பில்லாத வெள்ளைத் தாளில், என் பெயரில், மூன்று வரி எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரியிடம் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார், அதனால் கேட்கவில்லை. இரண்டு முறை வாசித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். வேலிப் பிரச்சினை இன்னும் முடியவில்லை என்று கேள்வி.

இப்போது எங்கள் தொலைபேசிக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: ஒலிபெருக்கியா என்று கேட்கவும். பீங்கான் தகடுகள் தனி அலுமாரியில்; கழுவுவதற்கென்று வடித்த நீர்ப் போத்தல் பக்கத்தில். வைத்திய அலுவலகங்களுக்குக் கொடுத்த மாதிரிப் பெட்டிகளில் விழிக்கு ஒரு குப்பி கூடியிருக்கிறது. போமலினில் போட வேண்டாம் என்று அதன் மேல் எழுதியிருக்கிறோம், ஆனாலும் போட்டு அனுப்புகிறார்கள். ஊசித் தரத்து மெதிலீன் நீலம் ஒவ்வோர் அலுவலகத்திலும் இருக்க வேண்டும் என்று மேலே எழுதினேன். கிடைத்தது என்று பதில் வந்தது; கடிதம் கிடைத்ததாம்.

பொலிஸார் அரக்கு முத்திரையிட்டு ஒப்படைத்த இரைப்பைச் சாடி எங்கள் உறைகுளிர்ப் பெட்டியின் அடித்தட்டில் இருக்கிறது. முறைப்பாடு போய்விட்டதால் அதை எடுத்துப் போக எவரும் வருவதில்லை. முத்திரை இருப்பதால் நாங்கள் கொட்டவும் முடியாது. நீதிமன்றக் கட்டளை வேண்டும், கட்டளை கேட்க வழக்கு வேண்டும். ஆண்டிறுதி இருப்புக் கணக்கில் தொழில்நுட்பவியலாளர் அதற்கு ஒரு வரி ஒதுக்குகிறார்: சாடி, ஒன்று, நிலை, நன்று.